பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

கேட்கிற பாட்டுகளை இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பாட்டு முதலில் நிமிடக் கணக்காகத்தான் பழக்கமாகும். சி-60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டுகள் பெரும்பாலும் நாலு, நாலரை நிமிடம் ஓடும். அதனால் 30 நிமிடத்தில் ஆறு பாட்டு அடங்கும், சின்னதாகத் தேர்ந்தெடுத்தால் ஏழு. ஐம்பதுகள், அறுபதுகளின் பாட்டு என்றால் எட்டு, சில சமயம் ஒன்பதுகூட உட்காரும். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் அந்த அளவுக்குள் பல்லவி, சரணம், இடையிசை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். படத்தில் மூன்று சரணம் இருந்து தட்டில் இரண்டாகக் குறைந்த பாட்டுகள் அப்படி வந்தவைதான். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த நீளமே சரியான நீளம் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நான் வேலை பார்த்தது நாகர்கோவிலில், எண்பதுகளின் நடுவிலிருந்து. மணிமேடைக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. சுவர் முழுக்க எல்.பி. தட்டுகள். எச்.எம்.வி., கொலம்பியா, இன்ரெக்கோ, எக்கோ என்று கம்பெனி வாரியாக அடுக்கியிருப்போம். ஒரு டர்ன்டேபிள், ஒரு ஆம்ப்ளிஃபையர், நாலு கேசட் டெக், ஒரு ஹெட்போன். அறுபது நிமிடக் கேசட்டைப் பதிய அறுபது நிமிடமும் ஆகும். கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதை யாரோ ஒருவர் கவனித்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் நான்தான்.

கவனம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் எழுதிக் கொண்டுவரும் லிஸ்ட்டில் 1954-ஆம் வருஷத்துப் பாட்டும் 1984-ஆம் வருஷத்துப் பாட்டும் அடுத்தடுத்து இருக்கும். ஏ.எம்.ராஜாவின் குரல் மெல்லியது. பழைய பதிவில் அது இன்னும் அமுங்கி இருக்கும். அடுத்து வரும் பாட்டில் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் தொடங்கியதும் ஓசை அளவைக் காட்டும் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடும். ஒவ்வொரு பாட்டுக்கும் லெவலைத் திருத்தினால்தான் கேட்பவர் நிம்மதியாக உட்கார்ந்து கேட்க முடியும். தினமும் காலையில் டெக்கில் நாடா உரசிப் போகும் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்போம். ஹெட் கொஞ்சம் சாய்ந்துவிட்டால் உயர்ந்த ஓசைகள் மழுங்கிப்போய், ஜானகியம்மா போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்கும். சிறிய ஸ்க்ரூடிரைவரால் திருகித் திருகி அந்தக் குரல் தெளியும் இடத்தில் நிறுத்துவது நான் மிகவும் விரும்பிச் செய்த வேலை.

ஆனால் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது பெயர்.

அப்போது ஜேசுதாஸ் பாட்டு வேண்டும் என்று வருபவர்கள் அதிகம். கேரளம் பக்கம் என்பதால் அவருடைய தரங்கிணி கம்பெனி கேசட்டுகளும் எங்கள் ஊரில் நன்றாகப் போகும். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அழகான கையெழுத்தில் 'ஜேசுதாஸ் சோகப் பாடல்கள்' என்று தலைப்பிட்டு ஒரு லிஸ்ட் கொடுத்தார். அதில் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் 'ராசாத்தி உன்ன' இருந்தது, 'காத்திருந்து காத்திருந்து' இருந்தது, 'கடல் மீன்கள்' படத்தின் 'தாலாட்டுதே வானம்' இருந்தது. மூன்றும் பி.ஜெயச்சந்திரன் பாடியவை.

"சார், இது மூணும் ஜெயச்சந்திரன்."

"அப்படியா? குரல் அவரு மாதிரியே இருக்கேப்பா."

தட்டின் உறையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எல்லாத்தையும் போட்டுரு. ஆனா பேரைச் சரியா எழுதிக் குடு" என்றார். சில வாரங்களில் திரும்பி வந்து, ஜெயச்சந்திரன் மட்டும் வைத்து ஒரு கேசட் கேட்டார். 'மூன்று முடிச்சு' படத்தின் 'வசந்தகால நதிகளிலே'யில் தொடங்கினேன். 'அந்த 7 நாட்க'ளின் 'கவிதை அரங்கேறும் நேர'த்தைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கும்போது அந்தக் குரலுக்கென்று இருக்கும் தனி வாகு புரிந்தது. ஜேசுதாஸின் குரலில் உள்ள கம்பீரம் வேறு. ஜெயச்சந்திரன் சொற்களை அழுத்தாமல், பேச்சுக்கு மிக அருகில் வைத்துப் பாடுவார். ஒன்றை மற்றொன்றின் நிழலாக நினைத்துக் கேட்டால் இரண்டையுமே பாதிதான் கேட்கிறோம்.

அதற்கப்புறம் எல்லாக் கேசட் அட்டையிலும் பாட்டின் முதல் வரி, படம், பாடியவர் மூன்றையும் எழுத ஆரம்பித்தேன். முன்பெல்லாம் முதல் வரி மட்டும்தான். முதலாளி அண்ணாச்சிக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. நேரம் ஆகிறதே என்பார், ஆனால் தடுக்கவும் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருந்தது.

குழப்பங்கள் பல வகை. 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் 'எங்கிருந்தாலும் வாழ்க' பாடியவர் ஏ.எல்.ராகவன். அதே படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய 'நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்' மிகவும் புகழ்பெற்றது என்பதால் இரண்டையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். 'முதல் மரியாதை'யில் சிவாஜிக்காகப் பாடியதால் மலேசியா வாசுதேவனை டி.எம்.எஸ். என்று நினைத்த பெரியவர்கள் உண்டு. 'பூங்கதவே தாழ் திறவாய்' பாடிய தீபன் சக்கரவர்த்தி, 'வாராய் நீ வாராய்' பாடிய திருச்சி லோகநாதனின் மகன் என்று சொன்னால் கடையில் நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 1950-க்கும் 1980-க்கும் நடுவில் ஒரு குடும்பம் பாலம் போட்டிருக்கிறது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். கூடப் பாடிய உமா ரமணனின் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களிடம் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழல விடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டே, படிக்கத் தெரியாத ஆட்கள்கூட சூலமங்கலம் ராஜலட்சுமி, ஜிக்கி, எல்.ஆர்.ஈஸ்வரி என்று குரலை வைத்துப் பிரித்துச் சொல்வார்கள். கொட்டகையில் படம் பார்த்துவிட்டு வரும் இளைஞர்களோ நடிகர் பெயரில் கேட்பார்கள். 'மோகன் பாட்டு' என்று ஒரு லிஸ்ட் வந்தால் அது அநேகமாக எஸ்.பி.பாலசுப்ரமணியம் லிஸ்ட். நான் அட்டையில் எஸ்.பி.பி. என்றுதான் எழுதுவேன்.

பெயர் இல்லாமல் போவது தமிழில் மட்டும் நடந்ததில்லை. 1949-இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் பாட்டுத் தட்டில் பாடியவர் பெயராக 'காமினி' என்று அச்சடித்திருந்தார்கள். அது படத்தில் கதாநாயகியின் பெயர். உண்மையில் பாடியவர் லதா மங்கேஷ்கர். ரேடியோவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுத்தான் ஜனங்கள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். பின்னணிப் பாடகிக்கு தேசிய விருது தரத் தொடங்கியது 1968-ஆம் வருஷத்துப் படங்களுக்குத்தான். முதலில் வாங்கியவர் நம் சுசீலாம்மா, 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'பால் போலவே' பாட்டுக்கு.

எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். அவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம். ஒரு அக்கா அப்படிப் பேசிய கேசட்டைக் கொண்டுவந்தார்.

"தம்பி, இதுல பாதி பேசி வச்சிருக்கோம். மிச்சத்துல பாட்டு போட்டுத் தாங்க. அவியளுக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ்தான் இஷ்டம்."

பேச்சு முடியும் இடத்தைக் கண்டுபிடிக்க அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கடைசியில் இருந்து பின்னோக்கிச் சுற்றி, முடிகிற வாக்கியத்தை மட்டும் பிடித்து, அங்கிருந்து 'காலங்களில் அவள் வசந்த'த்தைத் தொடங்கினேன். இந்த மாதிரிக் கேசட்டுகளுக்கு அண்ணாச்சி பாதிக் காசுதான் வாங்குவார். அவர்மேல் எனக்கு இன்றும் இருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம்.

மைக் செட்காரர்கள் கோயில் கொடை விழாக் காலத்தில் மொத்தமாக வருவார்கள். அவர்களுடைய காது நுட்பமானது. தென்னை மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியில் பாஸ் சத்தம் எடுபடாது. நடு ஓசைதான் தூரம் போகும். அதனால் சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.எஸ்., ஈஸ்வரியம்மாவின் அம்மன் பாட்டுகள், நாகூர் ஹனிபா என்று குரல் கணீரென்று நிற்கும் பாட்டுகளாகவே பொறுக்குவார்கள். கோயில் கொடையில் ஒரு காலத்துக் குரல்களே திரும்பத் திரும்ப ஒலித்ததற்கு பக்தியோடு இந்தக் கூம்புக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1989 ஏப்ரலில் ஏ.எம்.ராஜா ரயில் விபத்தில் இறந்தார். இறந்த இடம் வள்ளியூர். எங்களுக்குப் பக்கத்து ஊர். 'கல்யாணப் பரிசு'க்கும் 'தேன் நிலவு'க்கும் இசையமைத்தவர், ஐம்பதுகளில் ஜெமினி கணேசனின் குரலாகவே இருந்தவர். அடுத்த சில வாரங்கள் வயதானவர்கள் கடைக்கு வந்தபடி இருந்தார்கள். லிஸ்ட் எதுவும் கொண்டுவரவில்லை. "ராஜா பாடினது எது இருந்தாலும் போடு" என்றார்கள். அவருக்குப் பின் பி.பி.ஸ்ரீனிவாஸ் அந்த இடத்துக்கு வந்து, ராஜா மெல்ல விலகிப்போன கதையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். கடையில் இருந்த ராஜா தட்டுகள் எல்லாவற்றையும் நான் வரிசையாகக் கேட்டது அப்போதுதான். குரலை உயர்த்தாமலே துக்கத்தைப் பாட முடியும் என்பதற்கு அவருக்கு மேல் ஒருவரை நான் கேட்டதில்லை.

நாங்கள் செய்த தொழிலுக்குக் கம்பெனிகளின் அனுமதி கிடையாது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் அன்றும் இருந்தது. எங்கள் கேசட்டிலிருந்து பாடியவருக்கு ஒரு பைசா போனதில்லை. கம்பெனி விற்ற அசல் கேசட்டிலும் பெரும்பாலான பாடகர்களுக்கு ஒலிப்பதிவு அன்று வாங்கிய சம்பளத்தோடு சரி. பாடகர்களுக்கு ராயல்டி உரிமை சட்டத்தில் தெளிவாக வந்தது 2012 திருத்தத்தில்தான். அடுத்த வருஷம் பாடகர்கள் தங்களுக்கென்று உரிமைச் சங்கம் தொடங்கினார்கள். ராஜாவும் சீர்காழியும் அதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டார்கள். காசு போய்ச் சேராத இடத்தில் பெயராவது போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு அந்தக் கடையில்தான் வந்தது.

தொண்ணூறுகளில் கம்பெனிக் கேசட்டுகள் மலிந்தன, பிறகு சி.டி. வந்தது. எம்.பி.3 தட்டு வந்ததும் ஒரே தட்டில் நூற்றுக்கு மேல் பாட்டு. 'டிராக் 01', 'டிராக் 02' என்றுதான் அதில் இருக்கும். படத்தின் பெயர் இருந்தால் அதிகம். கடை மூடியபோது தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் வாங்கிப் போனார்கள். நான் வேறு வேலைக்குப் போனேன். இன்று செயலிகளில் பாடியவர் பெயர் வருகிறது, ஆனால் தவறாகவும் வருகிறது. 2025 ஜனவரியில் ஜெயச்சந்திரன் இறந்த அன்று அவருக்கு அஞ்சலி என்று எனக்கு வந்த பாட்டுத் தொகுப்பு ஒன்றில் ஜேசுதாஸ் பாட்டு கலந்திருந்தது. அனுப்பியவருக்கு உடனே எழுதித் திருத்தச் சொன்னேன். திருத்தினார்.

இப்போது நண்பர் ஒருவரின் மெல்லிசைக் குழுவுக்கு நான் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுக்கிறேன். மேடையில் பாட்டுக்கு முன்னால் முதலில் பாடியவர் பெயரை அறிவிக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் வைத்த நிபந்தனை. அடுத்த நிகழ்ச்சி ஒரு கொடை விழாவில். டி.எம்.எஸ்., எஸ்.பி.பி., ஜானகி எப்படியும் இருப்பார்கள். இந்தத் தடவை 'காயத்ரி' படத்தில் பி.எஸ்.சசிரேகா பாடிய 'வாழ்வே மாயமா', 'சுஜாதா'வில் கல்யாணி மேனன் பாடிய 'நீ வருவாய் என நான் இருந்தேன்', 'ஜானி'யில் ஜென்சி பாடிய 'என் வானிலே' மூன்றையும் சேர்த்திருக்கிறேன். கொடைக்கு இவ்வளவு மெதுவான பாட்டு எடுபடுமா என்று நண்பர் கேட்கிறார். எட்டு மணிக்கு முன்னால் வைத்தால் எடுபடும் என்று சொல்லியிருக்கிறேன்.