பெயின்ட் பூசாத படையோடு நான்கு போயா

நாற்பது பொம்மைப் படைவீரர்கள் இரண்டு வருடமாக எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் படுத்துக் கிடந்தார்கள். எல்லாம் சாம்பல் நிறப் பிசினில் (ரெசின்) அச்சிட்டவை. ஒவ்வொன்றும் கட்டைவிரலின் மேற்கணு உயரம் வரும். கொழும்பில் வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம், ஒன்று 250 ரூபாய் வீதம் இரண்டு சம்பளத்தில் பிரித்து வாங்கினேன். வாங்கிய அன்று போட்ட திட்டம் இதுதான்: முதலில் எல்லாருக்கும் பெயின்ட், பிறகு அவர்களை வைத்து மேசைமேல் போர் ஆட்டம். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

வராததற்குப் பாதிக் காரணம் என் சோம்பல். மீதிப் பாதி எங்கள் மலைநாட்டு ஊரான டிக்கோயாவின் மழை. பெயின்ட் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அடிப்பூச்சு வேண்டும். அதை ஸ்பிரே டின்னால் அடிப்பதுதான் சுலபம். ஆனால், மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் எங்கள் பக்கம் செப்டெம்பர் வரைக்கும் காயப்போட்ட சட்டையே காயாது. போன வருடம் ஜூலையில் அவசரப்பட்டு விறாந்தையில் வைத்து ஐந்து பேருக்கு அடித்துப் பார்த்தேன். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் வந்து உட்காருகிறது. மறுநாள் பார்த்தால் ஐந்து பேரும் சீனி தூவிய பணிஸ் மாதிரி சொரசொரவென்று வெளுத்துப் போயிருந்தார்கள். முகம் எது, தொப்பி எது என்று தெரியவில்லை. பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்து அவர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு சனிக்கிழமை போனது.

போயா என்றால் எங்கள் நாட்டில் மாதாமாதம் வரும் பௌர்ணமி விடுமுறை. ஆகவே இந்த வருடம் வெசாக் போயாவன்று டின்னைக் கீழே இறக்கினேன். சாம்பலாகவே விளையாடுவது என்று முடிவு. எதிராளி அக்கா மகன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பண்டாரவளையில் ஒரு நண்பர் இருக்கிறார், படையை மயிரிழைத் தூரிகையால் தீட்டி எடுப்பவர். அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, “சேர், சட்டை போடாமல் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்குமே” என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

விளையாட எடுத்தது ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் விதிகள். எந்த நிறுவனத்தின் பொம்மையை வைத்தும் ஆடலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆளுக்கொரு குழுவாக மாறி மாறி நகர்த்த வேண்டும். சுட்டுக்கொண்டே முன்னேறினால் 6 அங்குலம். சுடாமல் ஓடினால், அல்லது பாய்ந்து தாக்கினால், 12. நான்கு சுற்றோடு ஆட்டம் முடியும். கடைசியில் குறிப்பிட்ட இடங்களை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. தலைக்கு இருபது பேர், ஐந்தைந்து பேராக நான்கு குழு என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் ஆட்டத்தை முழுதாக ஆடவில்லை. ஆட முடியவில்லை. மேசை நிறையச் சாம்பல் மனிதர்கள். இரண்டாம் சுற்றில் இரு படைகளும் நடுவில் கலந்ததும், “இவன் உங்கள் ஆளா, என் ஆளா மாமா?” என்பதுதான் ஆட்டமாகிவிட்டது. மூன்றாம் சுற்றில் மருமகன் நான்கு பகடையை உருட்டி ஒருவனைக் கொன்றான். செத்தவனைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அது அவனுடைய ஆள் என்று தெரிந்தது. மூன்று மணி நேரம் போயிருந்தது. சுண்டல் ஆறிப்போயிருந்தது.

அன்று இரவு யோசித்தேன். எங்களைத் தடுத்தது நிறமில்லாமை அல்ல, அடையாளமில்லாமை. 1824 இல் பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க எடுத்துக்கொண்ட போர் ஆட்டத்தில் பொம்மையே கிடையாது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வகுத்த அந்த ஆட்டத்தில், வரைபடத்தின்மேல் நகர்ந்தவை சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள். மீசையும் பொத்தானும் இல்லாமலே அவர்களுக்கு யுத்தம் நடந்தது. எங்களுக்கு ஏன் நடக்காது?

நகரத்து ஹாட்வெயார் கடையில் மின்கம்பி சுற்றும் டேப் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று வாங்கினேன். மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டி ஒவ்வொருவனின் பீடத்தைச் சுற்றியும் ஒட்டினேன். பள்ளிக்கூடப் பையில் எப்போதும் இருக்கும், எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளை டிப்பெக்ஸால் டேப்பின் மேல் குழு எண்ணுக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு வரை புள்ளி. பெரிய துப்பாக்கி வைத்திருப்பவனின் குழல் நுனியில் அக்காவின் கியூடெக்ஸ் ஒரு தொட்டு. “இருபது வருடமாக நான் நகத்துக்கே இவ்வளவு பொறுமையாகப் பூசியதில்லை” என்றாள் அக்கா. நாற்பது பேருக்கும் ஒரே மாலை போதுமாக இருந்தது. தூரிகையை எடுத்திருந்தால் ஒருவனுக்கே அந்த மாலை போதாது.

அடுத்த மாதம் பொசன் போயா ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. காயத்தைக் கணக்கு வைக்க மைசூர்ப் பருப்பு வைத்தோம். ஒரு பருப்பு, ஒரு காயம். யார் ஆள் என்ற கேள்வி ஒரு தடவைகூட எழவில்லை. நான் தோற்றேன், அது வேறு விஷயம்.

இந்த இடைவெளியில் மேசையைக் கவனித்தேன். படைக்கு நிறமில்லை என்றால் தரைக்காவது இருக்கட்டுமே. ரெஜிபோம் (தெர்மாகோல்) தட்டுகளை அடுக்கி இரண்டு மலை செய்தேன். தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைத் துண்டு துண்டாக வெட்டி நிரை நிரையாக ஒட்டினேன். மண்ணுக்கு வடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினேன். தோட்டத்தில் மழைநீர் ஓடும் கான் வேண்டுமே என்று மலையின் உச்சியிலிருந்து அடிவரை கத்தியால் நேராக மூன்று கோடு கீறினேன். பதுங்குகுழிக்குப் பதில் கான், அதுதான் என் எண்ணம்.

அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “கான் இப்படி நேராக இறங்கினால் முதல் மழைக்கே மண் முழுவதும் ஆற்றுக்குப் போய்விடுமே. சரிவுக்குக் குறுக்காக, இலேசாகச் சாய்த்து அல்லவா வெட்டுவார்கள்?” என்றார். மறுபடி கீறினேன். அதனால் ஆட்டமே மாறிவிட்டது. நேர்க்கானில் ஒளிந்தால் மேலே இருப்பவன் அடிவரை பார்த்துச் சுடலாம். குறுக்குக்கானில் படுத்தவனை அவ்வளவு சுலபமாக எட்ட முடியாது. ‘கண்ணுக்குத் தெரிகிறானா, இல்லையா’ என்ற சண்டைக்கும் அம்மாவே வழி சொன்னார். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த அவருடைய மட்டக்கம்பை எடுத்துத் தந்தார். பறிக்கும் மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கும் நேரான கம்பு. ஒரு முனையைச் சுடுகிறவன் தலையிலும் மறு முனையை எதிரியின் தலையிலும் பிடித்தால் நடுவில் மலை இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். தேயிலை நிரைக்குள் ஓட முடியாது, 6 அங்குலம்தான் என்று விதி வைத்ததும் அவர் சொல்லித்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். பச்சைத் தரையில் நின்றதும் சாம்பல் படை சதுரங்கக் காய் மாதிரி எடுப்பாகத் தெரிந்தது. கையில் நேரமும் காசும் குறைவாக இருந்தால் முதலில் மேசைக்குச் செலவழிப்பேன். இது என் கட்சி.

ஜூலையில் ஒரு முட்டாள்தனம். பிசினின் நுணுக்கங்கள், உடைமடிப்பு, வார், பொத்தான் எல்லாம் மழைநாள் வெளிச்சத்தில் மழுங்கித் தெரிந்தன. நீர்த்த கறுப்பு மையை ஊற்றினால் அது பள்ளங்களில் தங்கி மேடுகளைக் காட்டிக் கொடுக்கும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு மைக்கு ஏன் காசு? டஸ்ட் தேயிலையைச் சுண்டக் காய்ச்சிச் சாயம் எடுத்தேன். பொம்மையில் விட்டால் சேம்பிலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. வெள்ளைப் பசை கொஞ்சமும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் கலந்தபோது தங்கியது. நான்கு பேருக்குப் பூசி, பழுப்பு நிழல் விழுந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டு, டின்னில் மூடிவைத்தேன். மூன்றாம் வாரம் திறந்தால் நான்கு பேருக்கும் தாடி. வெள்ளைப் பூஞ்சணம், அக்குள் வரைக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவியதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

எசல போயா அன்று பிற்பகலிலிருந்து மின்சாரம் இல்லை. டோர்ச்சை மேசையின் ஓரத்தில் படுக்கவைத்து ஆடினோம். பக்கத்திலிருந்து விழுந்த அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பும் வாரும் உளியால் செதுக்கியதுபோல நின்றது. நான் தேயிலைச் சாயத்தால் தேடியதை ஒரு டோர்ச் செய்து காட்டியது. இப்போது மின்சாரம் இருந்தாலும் மேசைவிளக்கைத் தாழ்த்தி ஒரு பக்கமாகத்தான் வைக்கிறோம்.

அன்றுதான் கோணக்கையன் பிறந்தான். மருமகனின் சிவப்புப் படையில் ஒருவன் மேசையிலிருந்து விழுந்து, மணிக்கட்டோடு வாள் உடைந்தது. பிசின் அப்படித்தான், வளையாது, முறியும். டோர்ச் வெளிச்சத்தில் உடனடிப் பசை வைத்து ஒட்டினேன். வாள் வானத்தைப் பார்ப்பதற்குப் பதில் அவன் காதைப் பார்த்தது. நான்காம் சுற்றில் அவனுடைய குழுவில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். மலைக் குறியிடத்தில் நிற்கிறான். என் ஐந்து பேர் அடங்கிய முழுக்குழு பாய்ந்தது. ஐந்து பகடையில் மூன்று அடி விழுந்தது. அவன் தப்ப ஒவ்வோர் அடிக்கும் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். மூன்றும் சேர்ந்து விழ எட்டில் ஒரு வாய்ப்பு. மருமகன் பகடையை ஊதி உருட்டினான். 5, 4, 6. திருப்பி அடித்ததில் என் ஆள் ஒருவன் செத்தான். கைகலப்பில் அதிகம் அடிவாங்கிய பக்கம் மனவுறுதிக்கு உருட்ட வேண்டும். 4 வேண்டிய இடத்தில் எனக்கு விழுந்தது 2. என் குழு நிலைகுலைந்தது. நிலைகுலைந்த குழு இடத்துக்கு உரிமை கோர முடியாது. ஒற்றை ஆள், கோணல் வாள், ஆட்டம் அவர்களுக்கு.

அந்த இரவிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். அம்மாவே, “அந்தக் கோணக்கையன் இன்றைக்கு வருகிறானா?” என்று கேட்கிறார்.

அவனுக்காவது பெயின்ட் பூச வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எங்கள் பக்கம் அடைமழை. மலைநாட்டில் இரண்டு வானிலை இருப்பது அப்போதுதான் உறைத்தது. மேற்கே எங்கள் டிம்புல சரிவில் நல்ல தேயிலைக்குக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கிழக்கே, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. இரண்டிலும் காரணம் வறண்ட காற்று. கொழுந்துக்கு நல்ல காற்று ஸ்பிரேக்கும் நல்ல காற்று.

நிக்கினி போயாவுக்கு முதல்நாள், பெயர் வாங்கிய எட்டுப் பேரைத் தேர்ந்து பருத்தியில் சுற்றிக்கொண்டு, மருமகனோடு ஹட்டனில் ரயில் ஏறினேன். தலவாக்கலை, நானுஓயா எல்லாம் மழையில் கரைந்து போயின. பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றர் உயரம், நாட்டிலேயே உயர்ந்த நிலையம். அங்கே மூடுபனியில் பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியவில்லை. அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். அதன் மறு வாயில் ஊவா. வெளியே வந்தபோது வெயில். பையன் சுவெட்டரைக் கழற்றிவிட்டான்.

பண்டாரவளை நண்பர் வீட்டுப் பின்முற்றத்தில் பத்து நிமிட வேலை. வெள்ளை அடிப்பூச்சு மாவு பூசியதுபோல மெல்லியதாக உட்கார்ந்தது. கூடவே குற்றங்களும் வெளியே வந்தன: அச்சுப் படலத்தின் கோடுகள், அச்சிடும்போது பொம்மையைத் தாங்கிய காலை வெட்டிய தழும்பு, கோணக்கையன் மணிக்கட்டில் நான் வைத்த பசைக்கட்டி. சாம்பலில் எல்லாம் மறைந்திருந்தது.

காயும்வரை அவர் படையோடு ஓர் ஆட்டம். அழகு அழகுதான், பொறாமையை மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் தோளில் ஒரு நிறம், டேப்பே வேண்டாம். அவர் வழக்கமாக ஆடுவது வார்ஹாமர் 40,000 என்ற இன்னொரு பொம்மைப் போர் ஆட்டம். அதில் 100 புள்ளியில் 10, படை முழுவதற்கும் பெயின்ட் பூசியிருந்தாலே கிடைக்கும். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பகடையால் வெல்ல வேண்டியதைத் தூரிகையால் ஏன் வெல்ல வேண்டும் என்று வாதாடினேன். “சேர், அந்தப் பத்து இல்லையென்றால் நான் பாதிப் படையை முடித்தே இருக்கமாட்டேன்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து எட்டு வெள்ளையர்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஸ்பிரே அடிப்பதற்கு முன் பீடத்து டேப்பை உரித்திருந்தேன். டிப்பெக்ஸ் புள்ளிகள் டேப்போடு போய்விட்டன. கியூடெக்ஸ் அடிப்பூச்சுக்குக் கீழே. சிவப்பா நீலமா, எந்தக் குழு, யாரிடம் பெரிய துப்பாக்கி? பழையபடி அதே கேள்வி. மருமகன் ஒருவனை மட்டும் தயங்காமல் எடுத்து மலை உச்சியில் வைத்தான். வாள் காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற ஏழு பேரையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, டேப் மிச்சம் இருக்கிறதா?” என்றான்.