கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்: அரியர் விழுந்த தாள் பிடிபட்ட விதம்

ஐந்தாம் செமஸ்டரில் எனக்கு விழுந்த ஒரே அரியர் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், அதாவது இயந்திரங்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் விதத்தைக் கணக்கிடும் பொறியியல் பாடம். படிக்காமல் விழவில்லை. லாப்லாஸ் அட்டவணை முழுவதும் மனப்பாடம். மேசன் வாய்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் விற்ற முக்கிய வினாக்கள் தொகுப்பையும் விடவில்லை. ஆனால் ஓர் உலையின் வெப்பக் கட்டுப்பாட்டை நான்கு வரிகளில் விவரித்து, பிளாக் டயகிராம் (ஒவ்வொரு பகுதியையும் பெட்டியாகவும் சமிக்ஞையை அம்புக்குறியாகவும் காட்டும் படம்) வரைக என்று கேட்டிருந்தார்கள். எந்தப் பெட்டியை எங்கே போடுவது என்றே தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் தெரிந்த கணக்கும் கோணலாகிவிட்டது.

விடுமுறையில் சூலூர் பக்கம் மாமா வீட்டில் இருந்தேன். மாமா நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர். "நீ விட்ட பாடம் எங்கள் மில்லில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது, வா கண்ணு" என்று அழைத்துப் போனார்.

பஞ்சுத் திரிகளைச் சேர்த்து இழுத்துச் சீராக்கும் டிரா ஃபிரேம் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார். எட்டுக் கேன்களிலிருந்து பஞ்சுத் திரிகள் எழுந்து ஒன்றாகச் சேர்ந்து உள்ளே போகின்றன. நுழையுமிடத்தில் இரண்டு சிறு உருளைகள். ஒன்றில் பள்ளம், மற்றொன்றில் அதற்குள் பொருந்தும் நாக்கு. திரி தடித்து வந்தால் நாக்கு வெளியே தள்ளப்படும், மெலிந்து வந்தால் உள்ளே இறங்கும். மயிரிழை அசைவுதான். அது மின் சமிக்ஞையாகி சர்வோ மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் இழுப்பு உருளைகளின் வேகத்தை மாற்றுகிறது. தடித்த இடத்தில் இழுப்பு கூடும், மெலிந்த இடத்தில் குறையும். வெளியே வரும் திரி ஒரே சீராக இருக்கும். இதன் பெயர் ஆட்டோ லெவலர்.

"அளப்பது இங்கே, இழுப்பது அங்கே. நடுவில் பஞ்சு நடந்து போக வேண்டாமா? கொஞ்சம் முந்தி இழுத்துவிட்டால் நல்ல திரி இளைத்துப் போகும், தடித்தது தடித்தபடியே போகும். லெவலரே இல்லாமல் ஓட்டுவது அதைவிட மேல்" என்றார் மாமா. அந்த இடைவெளியைச் சரியாக அமைப்பதுதான் அவர்கள் வேலையில் நுட்பமான பகுதி. லெவலிங் ஆக்‌ஷன் பாயின்ட் என்கிறார்கள்.

அன்றிரவு அதற்குப் பிளாக் டயகிராம் வரைந்து பார்த்தேன். பின்னூட்ட அம்புக்குறியை எங்கே போடுவது என்று வெகுநேரம் தேடினேன். கிடைக்கவில்லை, ஏனென்றால் இல்லை! உள்ளே வருவதை அளந்து முன்கூட்டியே திருத்துகிறதே தவிர, தான் செய்த திருத்தம் பலித்ததா என்று அந்தச் சுற்று பார்ப்பதில்லை. வெளிவாசலில் ஒரு கண்காணிப்புக் கருவி உண்டு. அளவு மீறினால் இயந்திரத்தை நிறுத்துவதுதான் அதன் வேலை. ஆகவே இது ஃபீட்ஃபார்வர்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நீரின் வெப்பத்தை அளந்து நீராவி வால்வைத் திறந்து மூடும் கருவி ஃபீட்பேக். வகுப்பில் ஒரு பருவம் முழுக்கக் கேட்டும் விளங்காத வேறுபாடு அந்த ஒரு காகிதத்தில் விளங்கியது.

அதன் பிறகு எந்தக் கணக்கைத் தொட்டாலும் முதலில் பென்சிலால் நான்கு விடைகள் எழுதுவேன். என்ன வேண்டும், எதை அளக்கிறோம், எதை அசைக்கிறோம், எவ்வளவு தாமதம். சமன்பாடு அதற்குப் பிறகுதான். நான்காவது கேள்விதான் பலரும் விடுவது. அதிர்வெண் மாற மாற அமைப்பின் பெருக்கத்தையும் ஃபேஸ் கோணத்தையும் காட்டும் போடே வரைபடத்தில் தாமதம் டெசிபல் கோட்டைத் தொடவே தொடாது. ஃபேஸ் கோணத்தை மட்டும் 57.3 × ஒமேகா × டி டிகிரி இறக்கும் (ஒமேகா அதிர்வெண், டி தாமதம்). அமைப்பு நிலைகுலையாமல் இருக்கக் கையில் மிச்சமுள்ள கோணமான ஃபேஸ் மார்ஜினை அது சத்தமில்லாமல் தின்றுவிடும். மாமா சொன்னதும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தபின் அந்த வாய்பாடு மறக்கவில்லை.

மதிப்பெண் கணக்கில் சொன்னால், எங்கள் தாளில் இரண்டு மதிப்பெண் வினா 10, பதின்மூன்று மதிப்பெண் வினா 5, பதினைந்து மதிப்பெண் வினா 1. அமைப்பு நிலையாக நிற்குமா, ஊசலாடிக் கெடுமா என்று சோதிக்கும் ரூத் அட்டவணை நிச்சயமாக அள்ளித் தரும். எஸ்³ + 6எஸ்² + 11எஸ் + கே = 0 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் வரிசையில் (66 − கே)/6 வரும். ஆகவே அமைப்பு நிலையாக நிற்க கே 0-க்கும் 66-க்கும் இடையில் இருக்க வேண்டும். இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். கே 66 ஆகும்போது அந்த வரிசை பூஜ்யமாகிறது; மேல் வரிசையிலிருந்து 6எஸ்² + 66 = 0 என்று எடுத்தால் ஊசலாட்ட அதிர்வெண் வினாடிக்கு 3.32 ரேடியன். கடைசி மூன்று மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

தேர்வுப் பேச்சு என்பதால் ஒரு செய்தி. நீராவி எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஏன் தடுமாறுகிறது என்று 1868-இல் ஆராய்ந்த இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லால், எந்தப் படிச் சமன்பாட்டுக்கும் பொருந்தும் பொதுவான நிலைத்தன்மை நிபந்தனையைத் தர முடியவில்லை. 1877-இல் தந்தவர் ரூத். 1854-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ரூத் முதலிடம், மேக்ஸ்வெல் இரண்டாமிடம்!

போடேயில் பெரும்பாலோர் சறுக்குவது வரைவதற்கு முன்பே. (எஸ் + 5) என்பதை 5(1 + 0.2எஸ்) என்று மாற்றி, அந்த 5-ஐ கெயினில் (மொத்தப் பெருக்கத்தில்) சேர்க்க மறந்துவிடுவார்கள், கோடு முழுவதும் 14 டெசிபல் தள்ளி நிற்கும். செமிலாக் தாளில் வீட்டிலேயே பத்துப் படமாவது வரைந்திருக்க வேண்டும். ஸ்டேட் ஸ்பேஸ் அணிகளின் (மேட்ரிக்ஸ்) கணக்குதான், பயம் வேண்டாம். நிலைத்தன்மையைச் சோதிக்கும் இன்னொரு வரைபடமான நைக்விஸ்ட்டை நேரம் இருந்தால் பாருங்கள்.

அரியரை முடித்து, வேலைக்குப் போய், பிறகு எம்பிஏ சேர்ந்தேன். நிர்வாகக் கட்டுப்பாடு என்ற தாளைத் திறந்தால் இலக்கு, அளவீடு, ஒப்பீடு, திருத்தம் என்று அதே சுற்று. தற்செயல் அல்ல. போர்க்காலத்தில் எம்ஐடியில் சர்வோ கருவிகள் செய்த ஜே ஃபாரெஸ்டர் 1956-இல் அங்கேயே நிர்வாகப் பள்ளிக்கு மாறி, சரக்கிருப்பும் ஆர்டரும் ஏன் ஊசலாடுகின்றன என்று ஆராய்ந்தவர். தேர்வில் உதாரணம் கேட்டால் திருப்பூரை எழுதுங்கள். வெட்டுவதற்கு முன் துணியைச் சோதிப்பது முன்கட்டுப்பாடு; தையல் வரிசையில் செக்கர் நிற்பது உடனிகழ் கட்டுப்பாடு; முடிந்த பெட்டியைத் திறந்து பார்ப்பது பின்னூட்டம். கடைசியில் தவறு தெரிந்தால் கப்பல் தேதி போய்விடும். தாமதம்தான் இங்கும்.

ஒன்றில் மட்டும் இரண்டு பாடமும் பிரிகின்றன. சோமனூர் அருகே எங்கள் தறிக்கூடத்தில் மீட்டர் கணக்கு மட்டும் எழுதுவது போதாது, பாவு (தறியின் நீளவாட்டு நூல்) அறுந்த எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொல்லி, நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் 11, 4, 17 என்று ஏறி இறங்கியது. அறுப்பு அதிகமானவரிடம் அப்பா ஒரு நாள் காரணம் கேட்டார். மூன்றாம் வாரம் எல்லாத் தறிக்கும், எல்லா நாளும் 5. சனிக்கிழமை கூலி வாங்கும் முன் ஒரே பேனாவால் எழுதியிருந்தார்கள். அப்பா நோட்டை என்னிடம் நீட்டி, "உன் மீட்டர் முள் நின்றுவிட்டது, பார் கண்ணு" என்றார்.

எம்பிஏ தாளில் பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு அந்த நோட்டைத்தான் எழுதினேன்.