ரூட்டரின் ரீசெட் துளையை அழுத்தச் சொன்னால் உடனே அழுத்தாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியபோது இணையம் மட்டும் திரும்பவில்லை. சுவரிலுள்ள ஃபைபர் பெட்டியில், ஃபைபர் இணைப்பின் நிலையைக் காட்டும் 'பான்' விளக்கு நிலையான பச்சையில் எரிந்தது. ஒளி சமிக்ஞை வராதபோது எரியும் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரியவே இல்லை. இழை அறுந்திருந்தால் அப்படி இராது. சேவை நிறுவனத்தின் உதவி எண்ணில் இதை முதலிலேயே சொன்னேன். அந்த ஊழியர் காதில் போட்டுக்கொள்ளாமல், ரூட்டரின் பின்புறத் துளையில் ஊசியை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினால் பிபிபிஓஇ (ரூட்டர் சேவை நிறுவனத்தின் வலையில் நுழையும் முறை) அமைப்பும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடியோடு அழிந்துவிடும் என்று ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை; நானும் அழுத்திவிட்டேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் ஃபைபர் லைன் ஒரு நிறுவனத்துடையது, இணையச் சேவை இன்னொன்றுடையது. ஆகவே சேவை நிறுவனம் லைனில் பழுது என்று கைகழுவ, லைன் நிறுவனமோ புகார் சேவை நிறுவனத்தின் வழியாகவே வர வேண்டும் என்று திருப்பி அனுப்பியது.

கைபேசி டேட்டாவைச் செலவழித்துப் பழைய மின்னஞ்சலைத் தேடியெடுத்து, 192.168.1.1 என்ற ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் விவரங்களை மீண்டும் பதிந்தேன். அப்போதும் இணையவில்லை. ஆனால் ரூட்டரின் நிகழ்வுப் பதிவான சிஸ்டம் லாகில் 'ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' (பயனர் விவரம் ஏற்கப்படவில்லை) என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. எதிர்முனைச் சர்வர் பதில் சொல்லி மறுக்கிறது என்றால் லைன் நன்றாகவே இருக்கிறது. லைன் பழுதாயிருந்தால் பதிலே இல்லாமல் 'டைம்அவுட்' என்றுதான் வந்திருக்கும். அந்த வரியைப் படித்துக் காட்டி, மேலாளரிடம் பேச வேண்டும் என்று விடாமல் நின்ற பிறகே உண்மை வெளிவந்தது. என் திட்டத்தை மாற்றியபோது அவர்களே கடவுச்சொல்லையும் மாற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரிவிக்கவில்லை. பழைய இணைப்பு அறுபடாதவரை ஓடிக்கொண்டிருந்தது. மின்வெட்டுக்குப் பின் ரூட்டர் புதிதாக நுழைய முயன்றபோது மறுக்கப்பட்டது. புதிய கடவுச்சொல்லை இட்டதும் இணையம் வந்துவிட்டது.

வந்த பிறகும் சில தளங்கள் பாதியில் நின்றன. எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டில் அனுப்பக்கூடிய உச்ச அளவு, 1500 பைட் என்று இருந்தது. பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் 1492 ஆக்கினேன், சரியாயிற்று.

இணைப்பு நன்றாக இருக்கும்போதே ரூட்டரில் இணைய இணைப்பு விவரங்கள் உள்ள 'வான்' பக்கத்தைப் படம் பிடித்து, அமைப்புக் கோப்பையும் பேக்அப் எடுத்து வையுங்கள். உதவி எண்ணை அழைக்கும்முன் லாகைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் அழைப்பைத் துண்டிக்க விடாதீர்கள்.