விப்பிளுக்கு அப்புறம் சாப்பாடு

அத்தைக்குக் கண் மஞ்சளானபோது வலி கொஞ்சமும் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கடுஞ்சாயம், மலம் வெளிறிப் போயிருந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருவில் ஆளாளுக்குக் கீழாநெல்லி சொன்னார்கள். டாக்டர் மட்டும், "வலியில்லாத காமாலைன்னா ஸ்கேன் பார்த்தே ஆகணும்" என்றார். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. அது பித்தக் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது.

முதலில் எண்டோஸ்கோப்பி வழியாகக் பித்தக் குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய் வைத்தார்கள். அரிப்பு அடங்கி அத்தை தூங்கியதே எங்களுக்குப் பெரிய நிம்மதி. நடுவில் மெடிக்கல் எய்டுடன் (மருத்துவக் காப்பீடு) மல்லுக்கட்டு. அனுமதி எண் தருவதற்கு ஒரே ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதை எழுத ஆரம்பித்தால் கோபம்தான் வரும், விடுங்கள்.

அறுவையின் பெயர் விப்பிள். 1935இல் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜன் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. எங்கள் சர்ஜன் தாளில் படம் போட்டுக் காட்டினார். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே கொண்டுவந்து மீதிக் கணையம், பித்தக் குழாய், இரைப்பை மூன்றோடும் இணைப்பார்களாம். கணைய இணைப்பின் மேல் மட்டும் பேனாவால் இரண்டு முறை சுழித்தார். அங்கே தையல் பிடிக்காவிட்டால் செரிமான நீர் வயிற்றுக்குள் கசியும், தனக்குப் பயமே அதுதான் என்றார். அதனால்தான் அறுவை முடிந்த மூன்றாம் நாள், வயிற்றிலிருந்து நீரை வெளியேற்றும் குழாயின் பையில் வந்த நீரை, அமைலேஸ் என்ற கணைய என்சைம் அதில் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, கசிவு இல்லை.

வீட்டுக்கு வந்தபின் வேறொரு தொல்லை. அத்தை நன்றாகத்தான் சாப்பிட்டார், உடம்போ இளைத்துக்கொண்டே போனது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தது. கொழுப்பைச் செரிக்கும் என்சைம் போதவில்லை என்று, அதை ஈடுகட்டும் கிரியான் கேப்சூல் எழுதினார்கள். சாப்பிட்டு முடித்து மாத்திரை போடுகிற பழக்கம் இதற்கு உதவாது. முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று என்று எங்களுக்குச் சொன்னார்கள். மெல்லக் கூடாது, சுடுசுடு டீயோடும் கூடாது.

அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. டர்பனில் தமிழ்க் குடும்பங்கள் பல அந்த மாதம் முழுக்கக் கவுச்சி தொடுவதில்லை. கேப்சூல் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் என் மகள் படித்துச் சொல்லிவிட்டாள்.

"புரட்டாசியில பன்னியா?" என்று அத்தை டப்பாவைத் தள்ளி வைத்தார்.

சைவத்தில் கிடைக்குமா என்று சர்ஜனைக் கேட்டேன். இதற்கு ஈடாக எழுதித் தர எதுவும் இல்லை என்றார். கோயில் ஐயரிடம் அழைத்துப் போனோம். "மருந்து ஆகாரமில்லை ஆயா, போடுங்க" என்றார் அவர். நாங்கள் மணிக்கணக்கில் பேசியும் கேட்காத அத்தை, ஐயர் சொன்ன ஒரு வரிக்குத் தலையாட்டிவிட்டார்!

இப்போது சுகர் பீன்ஸ் என்கிற பயற்றுக் கறியும் சோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுகிறார். எடை ஏறுகிறது. கணையம் குறைந்ததால் சர்க்கரை வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தொடர்கிறது. வெளியே கிளம்பினால் கேப்சூல் டப்பா அவர் கைப்பையில் இருக்கிறதா என்று நான்தான் பார்க்கிறேன்.