டர்பனில் இருந்தபடி அமெரிக்க பைலட் லைசென்ஸைத் தூசி தட்டிய கதை

அமெரிக்க பைலட் லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி கிடையாது. நான் ஏமாந்தது அதனால்தான். ஃபுளோரிடாவில் படித்து வாங்கிய பிரைவேட் பைலட் அட்டை, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்தபின் ஆறு வருஷம் பீரோவில் கிடந்தது. இந்த வருஷக் கடைசியில் தம்பி வீட்டுக்கு டல்லாஸ் போகும்போது அங்கே பறக்கலாம் என்று ஆசை வந்து எடுத்துப் பார்த்தேன். அட்டை அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை வைத்துப் பறக்க நடப்பில் உள்ள மெடிக்கல் (மருத்துவத் தகுதிச் சான்று) வேண்டும், 24 மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டரோடு ஃபிளைட் ரிவ்யூ வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது முகவரி. வீடு மாறினால் 30 நாளுக்குள் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பறக்கும் உரிமை கிடையாது. என் பழைய முகவரி எப்போதோ காலி செய்த ஃபுளோரிடா அபார்ட்மென்ட். அதை டர்பனில் நான் இருக்கும் சாட்ஸ்வொர்த் முகவரியாக மாற்றினேன், அடுத்த சிக்கல் வந்தது. வெளிநாட்டு முகவரி உள்ளவர்கள் 2025 ஜூலை 7-க்குள் அமெரிக்காவில் ஓர் ஏஜென்டைப் பதிந்திருக்க வேண்டுமாம். எஃப்ஏஏ ஏதாவது நோட்டீஸ் அனுப்பினால் நம் சார்பில் வாங்கிக்கொள்ளும் ஆள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது, நிஜமான வீட்டு முகவரி வேண்டும். தம்பியைக் கேட்டேன். அவன் உடனே சரி என்றான். அவன் மனைவிதான், "அத்தான், போலீஸ் எதுவும் வீட்டுக்கு வராதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

எஃப்ஏஏ அங்கீகரித்த மருத்துவரும், அமெரிக்க லைசென்ஸோடு தென்னாப்பிரிக்க லைசென்ஸும் வைத்திருக்கும் இன்ஸ்ட்ரக்டரும் எனக்குக் கிடைத்தது ஜோஹானஸ்பர்க்கில். (அந்த இரண்டாவது லைசென்ஸ் முக்கியம். என் அமெரிக்க அட்டையை மட்டும் நம்பி இங்கே பதிவான விமானத்தை நானாக ஓட்ட முடியாது.) வீட்டுக்கார ஆயா தமிழை மறக்காத தலைமுறை. காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொல்லி அனுப்பினார். என்-3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர்.

மெடிக்கலுக்கு எஃப்ஏஏவின் மெட்எக்ஸ்பிரஸ் படிவத்தை முன்பே ஆன்லைனில் நிரப்பிவிட வேண்டும். மூன்று வருஷத்தில் பார்த்த டாக்டர்களைக் கேட்கும், வழக்கமான பல் பரிசோதனையை விட்டுவிடலாம் என்றாலும் நான் அதையும் எழுதிவிட்டேன். முந்தைய நாள் பயண அலுப்போ என்னவோ, முதல் அளவில் ரத்த அழுத்தம் 158/96. வரம்பு 155/95. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் கால் மணி நேரம் உட்கார வைத்தார். அப்புறம் 146/88. எனக்கு வயது 43, அதனால் இந்த மெடிக்கல் 24 மாதத்துக்குத்தான், 40-க்குள் என்றால் 60 மாதம்.

மறுநாள் ரேண்ட் விமான நிலையம். பக்கத்திலேயே சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் மியூசியத்தின் ஜம்போ 747 நிற்கிறது, அதற்கு முன்னால் நம் செஸ்னா 172 தட்டான் மாதிரி. ஒரு மணி நேரம் விதிமுறைகள், ஒரு மணி நேரம் பறத்தல், சட்டப்படி குறைந்தபட்சம் அவ்வளவு. விதிமுறையில் தப்பித்தேன்.

மாட்டிக்கொண்டது ரன்-அப்பில், அதாவது ஏறுவதற்கு முன் எஞ்சினை முடுக்கிச் சோதிக்கும்போது. ஃபுளோரிடா கடல் மட்டம், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் கம்பியை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு ஏறிப் பழக்கம். இங்கே ஓடுதளமே சுமார் 5,500 அடியில், அன்றைய வெயிலில் காற்று 8,000 அடிக்கு மேல் இருப்பது போல மெலிந்திருந்தது. எஞ்சின் இருமியது. இன்ஸ்ட்ரக்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "பெட்ரோலைக் குடிக்க வைக்காதே, காற்று இல்லை" என்றார். கம்பியை மெல்ல வெளியே திருகத் திருக, ஆர்பிஎம் ஊசி ஏறி ஒரு இடத்தில் நின்று திரும்பியது. அந்த இடத்தைப் பிடித்து ஏறினோம், ஏறினோம் என்பதைவிட ஊர்ந்தோம். இறங்கும்போது இன்னொன்று: வேக மீட்டரில் அதே 65 நாட், ஆனால் மெலிந்த காற்றில் நிஜ வேகம் அதைவிடக் கூடுதல், தரை விர்ரென்று ஓடியது. கண்ணை நம்பி மூக்கைத் தூக்கப் போனேன். "மீட்டரைப் பார்" என்று ஒரு அதட்டல். மூன்றாவது லேண்டிங்தான் பார்க்கிற மாதிரி இருந்தது.

லாக்புக்கில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காருக்கு வந்து போனை எடுத்தால் டல்லாஸிலிருந்து ஒரு போட்டோ: "அத்தான், இந்தக் கவரா நீங்க சொன்னது? பிரிக்கட்டுமா?" பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி பேருக்கு வந்த கரன்ட் பில்.