எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறதா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வீடியோ எடிட்டிங் எல்லாம் முடிந்து எக்ஸ்போர்ட் கொடுத்தால், கொஞ்ச தூரம் ஓடிவிட்டு "மெமரி போதவில்லை" என்று நின்றுவிடுகிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் "ரேம் கூடப் போடு" என்பதுதான். இந்தப் பதில் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு. 16 ஜிபியை 32 ஆக்கிய பிறகும் அச்சு அசலாக அதே இடத்தில் நிற்கிற ப்ராஜெக்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். காசும் போய், வேலையும் முடியாமல், கொடுத்த கெடுவும் தாண்டிப் போகும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன், எந்த செட்டிங்கையும் நோண்டுவதற்கு முன், ஒன்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறதா, இல்லை தடவைக்குத் தடவை வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? பாதி வைத்தியம் இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

அதே இடம் என்றால் குற்றவாளி உங்கள் டைம்லைனில் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் பிழைச் செய்தியிலேயே பெரும்பாலும் டைம்கோடு (எந்த நிமிடம், எந்த நொடி என்பது) வந்துவிடும். வராத மென்பொருளில் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடலாம். 40 நிமிட வீடியோ 62 சதவீதத்தில் நின்றால் சுமார் 24 நிமிடம் 48 நொடிப் பக்கம் தேட வேண்டும். (டூ பாஸ் முறையில் எக்ஸ்போர்ட் செய்தால் இந்தக் கணக்கு சரியாக வராது, ஏனென்றால் முழு வீடியோவையும் அது இரண்டு முறை ஓட்டும். கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒன் பாஸில் வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடத்தை மட்டும் இன், அவுட் (தொடக்க, முடிவுக் குறிகள்) வைத்து எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அதிலும் நின்றால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். அப்புறம் அங்கே இருக்கிற லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

நான் உட்கார்ந்து பார்த்த ஒரு நேர்காணல் வீடியோவில் இப்படித் தேடிக்கொண்டே போனபோது மாட்டியது ஒரு பழைய புகைப்படம். ஆறேழு நொடிதான் திரையில் வரும், மெதுவாக ஜூம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அதை ஸ்கேன் செய்தவர் 14,000க்கு 10,000 பிக்சலில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். டிஸ்க்கில் அது சாதாரண ஜேபெக் ஃபைல், அளவைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. விஷயம் என்னவென்றால், டிஸ்க்கில் இருக்கிற அளவு வேறு, மெமரியில் விரியும்போது எடுக்கிற அளவு வேறு. 14 கோடி பிக்சல், ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் 560 எம்பி. டாவின்சி ரிசால்வ் மாதிரி 32 பிட் ஃப்ளோட்டில் (நிறங்களை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடும் முறை) வேலை செய்கிற எடிட்டிங் மென்பொருளில் ஒரு பிக்சலுக்கு 16 பைட், அப்படியானால் அந்த ஒரே படம் 2 ஜிபிக்கு மேல்! அதன் மேல் ஒரு ப்ளர், ஒரு கலர் கரெக்‌ஷன் போட்டால் இடையில் இன்னும் இரண்டு மூன்று பிரதிகள் உருவாகும். படத்தை 5000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி மாற்றிப் போட்டதும் எக்ஸ்போர்ட் நிற்காமல் முடிந்தது. 4கே டைம்லைனின் அகலம் 3840 பிக்சல்தான். கொஞ்சம் ஜூம் செய்வதாக இருந்தாலும் 5000 தாராளம். கேமராவில் எடுத்த 24 மெகாபிக்சல் படங்களை வரிசையாக அடுக்கி ஸ்லைடு ஷோ செய்கிறவர்கள் இதை முதல் வேலையாகவே செய்துவிடுவது நல்லது.

வீடியோவுக்கும் இதே கணக்குத்தான். ஒரு 4கே ஃப்ரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல். 8 பிட்டில் 33 எம்பி, 32 பிட் ஃப்ளோட்டில் 133 எம்பி. ஒரு ஃப்ரேமுக்கு இவ்வளவுதானே என்று தோன்றும், ஆனால் படத்தில் தெரிகிற புள்ளி புள்ளியான இரைச்சலை அக்கம்பக்கத்து ஃப்ரேம்களோடு ஒப்பிட்டுக் குறைக்கிற டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்ற எஃபெக்ட்டுகள் முன்னும் பின்னும் பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். இரண்டு பக்கமும் ஐந்தைந்து என்று வைத்தால் மொத்தம் 11 ஃப்ரேம், அதுவே கிட்டத்தட்ட ஒன்றரை ஜிபி. இதெல்லாம் நிரப்புவது கிராஃபிக்ஸ் கார்டின் (ஜிபியூ) மெமரியை. ரேம் கூட்டினாலும் தீராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்: நிரம்பியது ஒன்று, நாம் கூட்டியது வேறொன்று. ரிசால்வ் "ஜிபியூ மெமரி நிரம்பிவிட்டது" என்று நேரடியாகவே சொல்லும். மற்றவை பொத்தாம் பொதுவாக "மெமரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். எக்ஸ்போர்ட் ஓடும்போதே விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியூ பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி கோட்டைக் கவனியுங்கள். அது உச்சியைத் தொட்ட அதே நேரத்தில் எக்ஸ்போர்ட் நின்றால் சந்தேகமே வேண்டாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அந்த கிளிப்பை மட்டும் தனியாக ரெண்டர் செய்து திரும்ப உள்ளே கொண்டுவரலாம். பிரீமியரில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரரை சாஃப்ட்வேர் ஒன்லிக்கு மாற்றினால் ஜிபியூ எஃபெக்ட் வேலையிலிருந்து விலகிவிடும். நேரம் பல மடங்கு ஆகும், ஆனால் ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஃபைல் இருக்கும். கெடு நெருங்கும்போது அதுதான் முக்கியம்.

சரி, தடவைக்குத் தடவை வேறு இடத்தில் நிற்கிறது என்றால்? அப்போது ஒரு குறிப்பிட்ட கிளிப் காரணமல்ல, மெமரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே போகிறது. நாள் முழுக்க எடிட் செய்துவிட்டு அப்படியே எக்ஸ்போர்ட் கொடுக்காதீர்கள். சேவ் செய்து, மென்பொருளை மூடி, முடிந்தால் கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்து, பிரௌசரைத் திறக்காமல் எக்ஸ்போர்ட் கொடுங்கள். கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் இதிலேயே தீர்ந்துபோகிற கேஸ்கள் ஏராளம். பிரீமியரில் மெமரி பிரிஃபரன்ஸில் ரெண்டரிங்கை பெர்ஃபார்மன்ஸுக்குப் பதில் மெமரி என்று வைத்துப் பாருங்கள். ரிசால்வில் மெமரி அண்ட் ஜிபியூ பக்கத்தில் ஃப்யூஷனுக்கு (அதன் எஃபெக்ட், கிராஃபிக்ஸ் பகுதி) ஒதுக்கிய மெமரியைக் குறைக்கலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. ரேமில் இடம் மிச்சம் இருப்பதாக டாஸ்க் மேனேஜர் காட்டும், ஆனாலும் மெமரி இல்லை என்று பிழை வரும். காரணம், விண்டோஸ் மென்பொருள்களுக்கு வாக்குக் கொடுக்கிற மெமரியின் உச்சவரம்பு ரேமும் பேஜ் ஃபைலும் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் ஃபைல்) சேர்ந்தது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் இரண்டாவதை நெருங்கிவிட்டால் ரேம் காலியாக இருந்தும் பயனில்லை. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை அணைத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைத் திரும்ப 'சிஸ்டம் மேனேஜ்ட்' என்று வையுங்கள். சி டிரைவிலும் பத்து இருபது ஜிபி காலியாக வைத்திருங்கள், அங்கே இடம் இல்லாவிட்டால் பேஜ் ஃபைலால் வளர முடியாது. லினக்ஸில் எந்தச் செய்தியும் இல்லாமல் எடிட்டர் சட்டென்று காணாமல் போனால், மெமரி தீர்ந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே அதை நிறுத்தியிருக்கலாம். கெர்னல் லாகில் தடயம் இருக்கும்.

மொபைலிலும் ஸ்கிரீன் ரெக்கார்டரிலும் எடுத்த வீடியோக்களில் ஃப்ரேம் ரேட் ஒரே சீராக இருக்காது, எடிட்டர்கள் இதில் திணறும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் என்று வைத்து மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அதே போல, ஃபைல் சரியாக 4 ஜிபியில் நின்றால் அது மெமரிப் பிரச்சினையே அல்ல. நீங்கள் எழுதுகிற பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஃபேட்32 முறையில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் போதும், ஆனால் மாற்றும்போது அதில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே சரிப்படவில்லை, இன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்றால் டைம்லைனைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆரில் (தரம் அதிகம் குறையாமல் இடையில் எடுத்து வைக்கிற வீடியோ வடிவங்கள்) தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஆடியோவை மட்டும் முழு நீளத்துக்கு ஒரே வேவ் ஃபைலாக எடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுகிற இடங்களில் 'டிக்' என்று சத்தம் கேட்கக்கூடும். பிறகு எஃபெக்ட் எதுவும் இல்லாத புது ப்ராஜெக்ட்டில் துண்டுகளை வரிசையாக வைத்து, வேவை அடியில் போட்டு, கடைசி வீடியோவை எச்.264 வடிவில் எடுத்துவிடலாம். ஒரு துண்டு மட்டும் அடம்பிடித்தால் அதை இரண்டாக வெட்டுங்கள், அதிலும் நிற்கிற பாதியை இன்னும் இரண்டாக. தேடிக்கொண்டிருந்த அந்த கிளிப் அதற்குள்தான் இருக்கும்.