மருந்தா, மதுவா? ஒரு மொட்டுச் சாறு வீடு வந்த கதை

பெரியம்மாவின் முழங்கால் வலிக்காகப் பிரான்சிலிருந்து வரவழைத்த 30 மில்லிலிட்டர் கசிஸ் (பிளாக்கரண்ட் என்னும் பழச்செடி) மொட்டுச் சாற்றைக் கையில் வாங்குவதற்குள், மொரிஷியசின் ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் சுங்க அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்துவிட்டேன். பொதி சரியாகவே வந்து சேர்ந்தது, "இது மருந்தா, மதுவா, உணவா?" என்ற கேள்வியில்தான் எல்லாம் நின்றது.

கேள்வியில் நியாயம் உண்டு. விரியாத இளம் மொட்டுகளை நீர், ஆல்கஹால், கிளிசரின் மூன்றிலும் சில வாரங்கள் ஊறவைத்து வடிப்பதே இச்சாறு. நீரில் எளிதில் கரையாத நறுமணப் பொருள்களை ஆல்கஹால்தான் பிரித்தெடுக்கிறது. ஆனால் முதல் நாள் இருந்த எழுத்தரோ, ஆல்கஹால் என்ற சொல்லைக் கண்டதும் மேற்கொண்டு படிக்காமல் என்னை வேறு கவுண்ட்டருக்கு அனுப்பினார். அங்கே உணவு இடைவேளை. பிறகு ஆளே வரவில்லை.

இரண்டாம் முறை, விற்பனையாளர் அனுப்பிய உட்பொருள் விவரத் தாளுடன் போனேன். அது அத்தி மொட்டுக்கு உரியது என்பதை வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன். ஆகவே, பணம் கட்டுமுன்பே தாவரத்தின் லத்தீன் பெயர், பயன்பட்ட பகுதி மொட்டுதான் என்ற குறிப்பு, ஆல்கஹால் விழுக்காடு ஆகிய மூன்றும் உள்ள தாளைக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி படித்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் சரியான தாள் இருந்தது, அதிகாரி புட்டியைத் திறக்கச் சொல்லி முகர்ந்ததும் முகம் சுளித்து, "கெட்டுப்போய்விட்டதா?" என்றார். கசிஸ் மொட்டில் மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மம் பூனைச் சிறுநீரை ஒத்த வாடையைத் தரும் என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

விளம்பரத்தில் இதை, வீக்கம் தணிக்கும் ஹார்மோன் மருந்தின் பெயரால் 'இயற்கைக் கார்டிசோன்' என்கிறார்கள். மொட்டில் குவர்செட்டின் வகை ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரச் சேர்மங்கள் இருப்பது உண்மைதான். ஆயினும் அந்தப் பட்டத்துக்குப் போதுமான மனிதச் சோதனைகள் இல்லை. அதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பெரியம்மா ஒரு நாள் நீரில் ஐந்து சொட்டு விட்டுக் குடித்துப் பார்த்தார். பல்வலி வந்தால் அவர் கடைவாயில் அடக்கும் கிராம்பும் மொட்டுதான். மரத்துப்போகச் செய்யும் யூஜெனால் அதில் மிகுதி. 1770இல் பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் இத்தீவுக்குத் தருவித்த மரத்தின் மொட்டு அது. அந்த டப்பா அடுப்படியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. கசிஸ் புட்டியோ குளிர்பெட்டியின் கதவில் இன்னும் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது.